மறைந்த அப்பா அம்மாவை ஒரே படத்தில் சேர்ப்பது எப்படி: கிம்ப் வழியில் ஒரு வழிகாட்டி

அப்பா இறந்த நான்காம் நாள் அக்கா கேட்டாள்: "பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வைக்கணும். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து எடுத்த படம் ஏதாவது இருக்கா?" பீரோவைக் குடைந்து பார்த்தோம், இல்லை. அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. அவருடைய படம் என்று மிஞ்சியது சங்கத்தில் கடன் வாங்க எடுத்த ஒரு கறுப்பு வெள்ளை பாஸ்போர்ட் போட்டோ மட்டும்தான். அப்பாவின் படம், சித்தப்பா மகன் கல்யாணத்தில் ஃபோனில் எடுத்தது.

இரண்டையும் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். மறுநாள் வந்த படத்தில் அப்பா கோட் போட்டிருந்தார். ஆயுசு முழுக்க வெள்ளை அரைக்கைச் சட்டை தவிர வேறு உடுத்தாதவர். அம்மாவுக்கு யாருடையதோ பட்டுப்புடவை, யாருடையதோ நெக்லஸ். முகத்தை மெருகேற்றியதில் அப்பாவின் நெற்றித் தழும்பு காணாமல் போயிருந்தது. அத்தை படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அப்புறம் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளை வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். ஐந்து சாயங்காலம் ஆனது, அதில் மூன்று சாயங்காலம் செய்ததை அழித்துத் திரும்பச் செய்ததிலேயே போனது. துக்க வீட்டில் அந்த நேரம் யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகத்தைத் தொடாதீர்கள். வெளிச்சத்தை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம், பின்னணியை மாற்றலாம். முகம் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பதினாறாம் நாள் காலையில் படம் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், சட்டம் (ஃபிரேம்) போடும் கடைக்கு இரண்டு நாள், பிரிண்டுக்கு ஒரு நாள், மாதிரி பிரிண்ட் பார்த்துத் திருத்த ஒரு நாள். ஆக, பதினோராம் நாள் இரவு கோப்பு தயாராகிவிட வேண்டும். நடுவில் ஞாயிறு வந்தால் இன்னும் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள். காரியம் பத்தாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ வைக்கும் குடும்பம் என்றால் முதல் மூன்று நாளுக்குள் படங்களைத் திரட்டுங்கள். நாள் போதவில்லையா? அன்றைக்கு ஒருவர் படத்தை மட்டும் வைத்துவிட்டு, சேர்ந்த படத்தை முதல் வருடத் திதிக்குச் செய்யலாம். அதில் தவறே இல்லை.

2. எந்தப் படம் உதவும், எது உதவாது

ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை இவற்றில் உள்ள படம் உதவாது. அளவும் சிறியது, அச்சும் மங்கல். பாஸ்புக்கில் ஒட்டிய படத்தின் மேல் பெரும்பாலும் முத்திரை விழுந்திருக்கும். தேட வேண்டியது உறவினர் வீட்டுக் கல்யாண ஆல்பங்களை. கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்தாலும் பெரிய பிரிண்ட் என்றால் முகம் நன்றாகக் கிடைக்கும். ஒரே ஆளுக்கு மூன்று நான்கு படம் திரட்டிக்கொண்டு, மற்றவர் படத்தோடு வெளிச்சம் ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுங்கள். மூக்கின் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று பாருங்கள். ஒருவருக்கு இடது, மற்றவருக்கு வலது என்றால் எவ்வளவு உழைத்தாலும் ஒட்டவைத்தது போலத்தான் தெரியும்.

"அப்படியென்றால் ஒரு படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடலாமே" என்று தோன்றும். நானும் திருப்பினேன். அம்மாவின் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது, மூக்குத்தி பக்கம் மாறிவிட்டது. அப்பா படத்தைத் திருப்பினால் சட்டைப் பை வலப்பக்கம் வரும், வகிடு மாறும். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், கூட வாழ்ந்தவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும். திருப்ப வேண்டாம்.

படத்தோடு கூடவே எழுத வேண்டிய விவரங்களையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்: பெயர், இனிஷியல், பிறந்த தேதி, இறந்த தேதி. இறந்த தேதிக்கு இறப்புச் சான்றிதழைப் பாருங்கள். பிறந்த தேதிக்கு ஆதாரை அப்படியே நம்ப வேண்டாம். அந்தத் தலைமுறையில் பலருக்கும் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் எல்லா ஆவணத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். தேதி சரியாகத் தெரியாவிட்டால் வருடம் மட்டும் போடலாம்.

3. ஸ்கேன் செய்வது

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் கேட்டால் ஆவணத்துக்கு வைத்திருக்கும் அளவிலேயே, அதையும் பிடிஎஃப் ஆக எடுத்துத் தருவார்கள். பாஸ்போர்ட் போட்டோ என்றால் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), தபால் அட்டை அளவுக்கு மேல் என்றால் 600 டிபிஐ, கலர் ஸ்கேன், ஜேபெக் அல்லது டிஃப் என்று சொல்லிக் கேளுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மஞ்சள் கறையை நீக்கும்போது அந்த நிற விவரம் உதவும்.

கணக்கு இதுதான். பாஸ்போர்ட் படத்தில் தலை சுமார் 30 மில்லிமீட்டர் உயரம். 600 டிபிஐ-யில் அது 700 பிக்சல் சொச்சம், 1200-இல் 1400 பிக்சல் சொச்சம். நாம் செய்யப்போகும் படத்தில் தலை 800 பிக்சல் அளவுக்கு வரும். 1200-இல் எடுத்தால் பெரிதாக்கும் வேலையே இல்லை. பழைய பிரிண்டில் அவ்வளவு நுணுக்கம் இருக்காது என்பது உண்மைதான், ஆனால் கீறல்களைத் துடைக்க அந்தக் கூடுதல் பிக்சல்கள் தேவைப்படும்.

ஸ்கேனர் கிடைக்கவில்லை என்றால் ஃபோன் போதும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடம், ஃபிளாஷ் கூடாது, ஜூம் கூடாது, ஃபோன் படத்துக்கு இணையாக இருக்க வேண்டும்.

மிக முக்கியமான எச்சரிக்கை: பழைய படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். முகத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடியோடு வைத்தே படம் எடுங்கள். ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ஃபோனுக்கு முன்னால் பிடித்தால் பிரதிபலிப்பு விழாது.

4. மென்பொருளும் தாளின் அளவும்

கிம்ப் இலவசம். 2025-இல் மூன்றாம் பதிப்பு வந்தது, அதையே நிறுவிக்கொள்ளுங்கள். நிழல் போன்ற விளைவுகளைப் போட்ட பிறகும் மாற்ற முடிவது அதில்தான். கணினியில் எதையும் நிறுவ முடியாதவர்கள் உலாவியில் ஓடும் போட்டோபியாவைப் பயன்படுத்தலாம். விளம்பரம் வரும், காசு இல்லை. போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்), மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) எல்லாம் இதே வழிதான்.

வீட்டில் மாட்ட 18 க்கு 12 அங்குலம் நல்ல அளவு, லேப்களில் சாதாரணமாகக் கிடைக்கும். இந்த அளவுக்கு 200 டிபிஐ தாராளம். ஃபைல், நியூ போய் 3600 க்கு 2400 பிக்சல் என்று கொடுங்கள். சட்டத்தின் விளிம்பு நான்கு பக்கமும் கால் அங்குலம் விழுங்கிவிடும். அதனால் எழுத்தோ முகமோ ஓரத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குள், அதாவது 150 பிக்சலுக்குள் வரக்கூடாது. மேலே இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள், மாலை அங்கேதான் தொங்கும். படத்துக்குள்ளேயே அச்சு மாலை வைப்பதை நான் விரும்புவதில்லை. நிஜ மாலை போடும்போது இரண்டு மாலையாகத் தெரியும்.

இதையே வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸாகவும் அடிக்க நினைத்தால் தனிக் கோப்பு வேண்டும். ஆறடிக்கு நாலடி ஃபிளெக்ஸுக்கு 72 டிபிஐ போதும், 5184 க்கு 3456 பிக்சல். தெருவில் வைக்க அனுமதி தேவை என்பதையும் மறக்காதீர்கள்.

5. வெட்டி எடுப்பது: அழிக்காமல் மறையுங்கள்

நான் அதிகம் இழந்த நேரம் இந்த இடத்தில்தான். அழிப்பானை எடுத்துப் பின்னணியைத் துடைத்தேன். அம்மாவின் காதோர முடி போய்விட்டது. கோப்பை மூடித் திறந்தபின் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

சரியான வழி லேயர் மாஸ்க். ஸ்கேன் செய்த படத்தை ஃபைல், ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் வழியாகத் தாளில் கொண்டுவாருங்கள். பாத்ஸ் கருவியால் தோள், கழுத்து, தலை ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துச் சுற்றி வந்து, செலக்ஷன் (தேர்ந்தெடுத்த பகுதி) ஆக மாற்றுங்கள். செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் (ஓரத்தை உள்ளே சுருக்குவது) 1 பிக்சல், ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குவது) 2 பிக்சல். பிறகு லேயர், மாஸ்க், ஆட் லேயர் மாஸ்க் என்று போய் செலக்ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னணி மறைந்துவிடும், ஆனால் எங்கும் போகவில்லை. மாஸ்க்கில் கறுப்பு பிரஷால் தீட்டினால் மறையும், வெள்ளையால் தீட்டினால் திரும்ப வரும். எக்ஸ் விசையைத் தட்டினால் இரண்டு நிறமும் இடம் மாறும்.

தீட்டும் முன் லேயர் பட்டியலைப் பாருங்கள். மாஸ்க்கின் சிறுபடத்தைச் சுற்றிக் கோடு இருக்க வேண்டும். படத்தைச் சுற்றி இருந்தால் நீங்கள் தீட்டும் கறுப்பு நேராக அப்பாவின் முகத்தில் விழும்.

தலைமுடிதான் சிரமம். அதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு: பழைய படத்தின் பின்னணி எந்த நிறமோ, ஏறக்குறைய அதே நிறத்தையே புதுப் பின்னணியாகவும் வையுங்கள். ஸ்டூடியோ படங்களில் பெரும்பாலும் வெளிர் சாம்பல்தான். அப்படி வைத்தால் முடியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாது, மென்மையான பிரஷால் மேலோட்டமாகத் தீட்டினாலே போதும். அடர் நீலம், சிவப்புத் திரை என்று வைக்க ஆசைப்பட்டால் ஒவ்வொரு முடியாக உட்கார வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட் படத்தில் மார்போடு உருவம் முடிந்துவிடும். அந்த வெட்டுக்கோடு தெரியாமலிருக்க, மாஸ்க்கின் அடிப்பகுதியில் பெரிய மென்மையான கறுப்பு பிரஷால் தீட்டி, உருவம் பின்னணியில் கரைவது போல விடுங்கள். இன்னொருவர் உடலை ஒட்டவைப்பதைவிட இது எவ்வளவோ கௌரவமாக இருக்கும்.

6. இரண்டு பேரையும் ஒரே அறைக்குக் கொண்டுவருவது

முதலில் அளவு. மேலே உள்ள அளவுகோலிலிருந்து ஒரு வழிகாட்டிக் கோட்டை இழுத்துக் கண் மட்டத்தில் வையுங்கள். உயரமானவர் கண் கொஞ்சம் மேலே இருக்கட்டும். நான் அப்பாவை 80 பிக்சல் உயர்த்தி வைத்தேன். ஸ்கேல் கருவியில் சங்கிலிப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முகம் நீண்டோ அகன்றோ போகும். மூலப் படத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் உடைந்து தெரியும். யார் எந்தப் பக்கம் என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இடப்பக்கம் அம்மா. பார்ப்பவருக்கு அது வலப்பக்கமாக வரும், இதில் நான் ஒருமுறை குழம்பினேன்.

அடுத்து நிறம். ஒன்று கறுப்பு வெள்ளை, ஒன்று கலர் என்றால் கறுப்பு வெள்ளையை வண்ணமாக்க முயலாதீர்கள். அம்மாவின் நிறம் என்ன, புடவை என்ன நிறம் என்று மென்பொருள் ஊகித்துப் போடும். கலர் படத்தையே கறுப்பு வெள்ளைக்கு இறக்குங்கள். கலர்ஸ், டீசாச்சுரேட் போய் லுமினன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு கலர்ஸ் மெனுவில் கர்வ்ஸ், வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கருவி. பழைய படத்தில் முழுக் கறுப்பு என்று எதுவும் இருக்காது, வெளுத்துச் சாம்பலாகியிருக்கும். ஃபோன் படத்தில் கறுப்பு கரியாக இருக்கும். கர்வ்ஸ் கோட்டின் இடது கீழ் முனையைக் கொஞ்சம் மேலே தூக்கினால் ஃபோன் படத்தின் கறுப்பும் சாம்பலாகும். இரண்டு பேரின் தலைமுடியையும் கண்மணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தால் எது துருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

கூர்மையிலும் இதே விதிதான்: மங்கலானதைக் கூர்மையாக்காதீர்கள், கூர்மையானதை இறக்குங்கள். அப்பா படத்துக்கு காஸியன் பிளர் 0.8 பிக்சல் கொடுத்தேன். அதன் மேல் ஃபில்டர்ஸ், நாய்ஸ், ஆர்ஜிபி நாய்ஸ். அதில் இன்டிபென்டன்ட் ஆர்ஜிபி என்ற குறியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சிவப்பும் பச்சையுமாகப் பொறி விழும். அளவைக் குறைவாக வைத்து, பழைய படத்தின் மணல்மணலான பரப்போடு ஒத்துப்போகும்வரை ஏற்றுங்கள். இது முடிந்த நிமிடம்தான் முதல்முறையாக இருவரும் பக்கத்தில் நின்றது போல இருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தோள் உரசும் இடத்தில் பின்னால் நிற்பவர் மேல் லேசான நிழல் வேண்டும். இரண்டு உருவத்துக்கும் நடுவில் புது லேயர், மென்மையான கறுப்பு பிரஷ், 15 சதவீத அடர்த்தி. அதற்கு மேல் வேண்டாம்.

கீறல், பூஞ்சைப் புள்ளி இவற்றுக்கு ஹீல் கருவி. கன்ட்ரோல் விசையோடு நல்ல இடத்தைச் சொடுக்கி, பிறகு கீறலின் மேல் தீட்டுங்கள். தழும்பு, மச்சம், சுருக்கம் எல்லாம் கீறல் அல்ல. கண்ணுக்குள் கீறல் இருந்தால் மட்டும் மிகச் சிறிய பிரஷால், பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளை நான் முயன்று பார்த்தேன். அவை இல்லாத பல்வரிசையையும் வேறு யாருடையதோ போன்ற கண்ணையும் வரைந்து கொடுத்தன.

7. பெயரும் தேதியும்

தமிழ் எழுத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது எழுத்துருவில். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் யூனிகோட் தமிழ் (இப்போது ஃபோனிலும் இணையத்திலும் எழுதும் முறை) கிடையாது. கிம்பில் யூனிகோடில் தட்டச்சு செய்துவிட்டுப் பாமினியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து மாறவே மாறாது, வேறு எழுத்துருவில் இருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், மீரா இனிமை ஆகியவை கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அஞ்சலிப் படத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழின் தடித்த வடிவம் அமைதியாக இருக்கிறது.

கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லாவிட்டால் ஃபோனில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பி ஒட்டிக்கொள்ளுங்கள். கிம்பில் கொம்பும் காலும் சரியாக விழும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் 'கொ' என்பது கொம்பு தனி, கால் தனியாகச் சிதறும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், தெற்காசிய எழுத்துகளுக்கான முறையைத் தேர்ந்து, மூடித் திறந்து, புதுக் கோப்பில் தொடங்குங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டாதீர்கள். ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழில் கால் எந்த எழுத்தைச் சேர்ந்தது என்றே தெரியாமல் போகும். வரிகளுக்கு நடுவே மட்டும் தாராளமாக விடுங்கள், மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர வளைவும் மோதும்.

பொன் எழுத்து வேண்டுமென்றால்: எழுத்து லேயரைத் தேர்ந்து, லேயர், டிரான்ஸ்பரன்சி, ஆல்ஃபா டு செலக்ஷன். அதன் மேல் ஒளிபுகும் புது லேயர். அதில் கிரேடியன்ட் கருவியால் மேலிருந்து கீழாக இழுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்கள் இவை: வெளிர் பொன் 243, 220, 140. அடர் பொன் 138, 106, 31. நிறப் பெட்டியில் எண்கள் 100 வரைதான் ஏறுகின்றன என்றால் அங்கேயே 255 என்று மாற்றும் பொத்தான் இருக்கிறது.

வெளிர் பின்னணியில் பொன் எழுத்து தனியாக நிற்காது, ஓரக்கோடு வேண்டும். அதே செலக்ஷனை 3 பிக்சல் குரோ செய்து, எழுத்துக்குக் கீழே ஒரு லேயரில் அடர் பழுப்பு நிரப்புங்கள். கோட்டைத் தடிமனாக்கினால் புள்ளியை விழுங்கிவிடும். நான் முதலில் 8 பிக்சல் வைத்ததில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டி, 'ன்' என்பது 'ன' போலத் தெரிந்தது. தேதி போன்ற சிறிய எழுத்துக்குப் பொன்னும் வேண்டாம், கோடும் வேண்டாம். வெறும் அடர் பழுப்பு போதும்.

கடைசியாக நிழல்: ஃபில்டர்ஸ், லைட் அண்ட் ஷேடோ, டிராப் ஷேடோ. இரு திசையிலும் 5 பிக்சல், மங்கல் 8, அடர்த்தி 0.4. முகத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம் எழுத்தின் நிழலும் விழ வேண்டும். பழைய 2.10 பதிப்பு என்றால் விளைவு போடுமுன் எழுத்து லேயரை ஒரு நகல் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாமல் தவிப்பீர்கள்.

8. சேமிப்பும் மாதிரி பிரிண்டும்

சேவ் கொடுத்தால் கிம்பின் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். அது உங்களுக்கு, கடைக்கு அல்ல. கடைக்கு எக்ஸ்போர்ட் ஆஸ் போய் ஜேபெக், தரம் 95. இதில் எழுத்துகளும் படமாகிவிடுவதால், கடையின் கணினியில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும் தொல்லை கிடையாது. பென் டிரைவில் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

அதற்கு முன் குடும்பக் குழுவில் ஒரு சிறிய பிரதியைப் போட்டு, பெயர், இனிஷியல், தேதி மூன்றையும் ஒவ்வொருவராகப் படித்துச் சரி என்று சொல்லச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் எழுத்தைப் படிக்க மாட்டார்கள், அதனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பெரிய பிரிண்டுக்கு முன் 6 க்கு 4 அளவில் ஒன்று எடுத்துப் பாருங்கள். திரையைவிடப் பிரிண்ட் இருட்டாக வரும். கறுப்பு வெள்ளைப் படம் கலர் தாளில் லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கும். அப்படி வந்தால் லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்து, எல்லா லேயருக்கும் மேல் வரும் அந்த லேயரில் கலர் பேலன்ஸ் வழியாகக் கொஞ்சம் மஞ்சளும் சிவப்பும் சேர்த்து, படம் முழுவதையும் இளஞ்சூடான பழுப்புக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு இரண்டாவது மாதிரியில் சரியானது.

எங்கள் ஊரில் நான் கொடுத்தது: ஸ்கேன் இரண்டுக்கும் 60 ரூபாய், மாதிரி பிரிண்ட் இரண்டுக்கும் 40, பெரிய பிரிண்ட் 180, சட்டம் 750. ஊருக்கு ஊர், சட்டத்தின் மரத்துக்கு ஏற்ப மாறும். முதலில் போன ஸ்டூடியோவுக்குக் கொடுத்த 800 இதில் சேரவில்லை.

9. சட்டக் கடையில்

கண்ணாடி படத்தின் மேல் நேராக உட்காரக் கூடாது. நடுவே அட்டை மவுண்ட் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பழைய படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போவது இந்த இடைவெளி இல்லாததால்தான். மவுண்ட் வைக்கிறார்கள் என்றால் அது படத்தின் ஓரத்தை எவ்வளவு மறைக்கும் என்று பிரிண்டுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஈரம் ஏறாதபடி டேப் ஒட்டியிருக்கிறதா, கொக்கி மாலையின் கனத்தையும் தாங்குமா என்று கடையிலேயே பாருங்கள். கண்ணாடிக்குள் தூசியோ முடியோ இருந்தால் அங்கேயே பிரித்துத் துடைத்து வாங்குங்கள். ஸ்கேன் செய்யக் கொடுத்த மூலப் படங்கள் கைக்குத் திரும்பி வந்துவிட்டனவா என்றும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். அம்மாவின் அந்தப் பாஸ்போர்ட் போட்டோ ஸ்கேனர் மூடிக்குள்ளேயே இரண்டு நாள் கிடந்தது.

கிம்ப் கோப்பின் ஒரு பிரதியை உடன்பிறந்தவர்களுக்கும் கொடுத்து வையுங்கள். எங்கள் அக்கா தன் வீட்டுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று அடுத்த மாதமே இரண்டு பிரிண்ட் போட்டுக்கொண்டாள்.